சிறுவர் பிக்கிள்பால்

சிறுவர் பிக்கிள்பால் என்பது துளைகளுள்ள நெகிழிப் பந்தையும் மட்டையையும் கொண்டு ஆடப்படும் பிக்கிள்பால் விளையாட்டைச் சிறுவருக்குப் பயிற்றுவிப்பதைக் குறிக்கும்.

தோற்றம்

1965 ஆம் ஆண்டு ஐக்கிய அமெரிக்காவின் பெயின்பிரிட்ச் தீவில், கோடை விடுமுறையில் சலிப்புற்றிருந்த பிள்ளைகளுக்காக யோவல் பிரிட்சர்டு, பில் பெல் ஆகியோர் இவ்விளையாட்டை உருவாக்கினர். பின்னர் பார்னி மெக்கல்லம் விதிகளை வகுக்க உதவினார். இந்தியாவில் 2008 இல் அகில இந்திய பிக்கிள்பால் சங்கம் நிறுவப்பட்டது.

தொடங்கும் அகவை

இதற்கெனக் கட்டாய அகவை வரம்பு இல்லை. பொதுவாக 5 அகவையளவில் பந்தை உருட்டுதல், பிடித்தல் போன்றவற்றைப் பழக்கலாம். பெரும்பாலான சிறுவர் 6 முதல் 8 அகவைக்குள் முறையான பயிற்சிக்கு ஆயத்தமாகின்றனர். அகவையைவிடப் பின்வரும் திறன்களே முதன்மையானவை:

* தரையில் பட்டு எழும் பந்தைக் கண்ணால் தொடர்ந்து அடித்தல்
* சமநிலை இழக்காமல் பக்கவாட்டில் நகர்தல்
* தன் முறை வரும்வரை காத்திருத்தல்

இரட்டையர் ஆட்டத்தில் புள்ளிநிலை மூன்று எண்களாகக் கூறப்படுவதால், தொடக்கத்தில் புள்ளி கணக்கிடாமல் ஆடுவது எளிது.

ஆடுகளம்

ஆடுகளம் 44 அடி நீளமும் 20 அடி அகலமும் உடையது. இது இறகுப்பந்தின் இரட்டையர் ஆடுகள அளவே ஆகும். எனவே பள்ளியிலுள்ள இறகுப்பந்துக் களத்தில், வலையின் நடுப்பகுதியை 34 அங்குல உயரத்திற்குத் தாழ்த்தி ஆடலாம். சிறுவருக்கு எடை குறைந்த மட்டையும் மென்பஞ்சுப் பந்தும் ஏற்றவை.

பாதுகாப்பு

வளரும் எலும்புகளின் முனைகள் தொடர் அழுத்தத்தால் காயமடையக்கூடும். ஒரே விளையாட்டில் மட்டும் ஈடுபடுவதை ஏறத்தாழ 15 அகவை வரை தள்ளிவைக்குமாறும், வாரத்தில் ஓரிரு நாட்கள் ஓய்வளிக்குமாறும் அமெரிக்கக் குழந்தைநல மருத்துவக் கழகம் 2016 இல் பரிந்துரைத்தது. வலையருகே பந்து முகத்தில் படக்கூடுமாதலால் கண்காப்புக் கண்ணாடி அணிதல் நன்று.