வினாவின் தொடரும் விடையின் மதிப்பும்: பள்ளிக் கணித மதிப்பீட்டு வரலாற்றில் சில கூறுகள்

திண்ணைப் பள்ளிகளில் மாணவனின் கணக்கறிவு வாய்மொழியாகவே சோதிக்கப்பட்டது. முந்திரி (1/320), காணி (1/80), மா (1/20) முதலிய கீழ்வாய் எண்களின் வாய்பாடுகளை எண்சுவடி கொண்டு மனப்பாடம் செய்தவன் ஆசிரியர் முன்னோ சட்டாம்பிள்ளை முன்னோ ஒப்பித்தான். சொல்லையும் கணக்கையும் அங்குப் பிரித்துப் பார்க்க இயலாது. எழுத்துத் தேர்வும் மதிப்பெண்ணும் அம்முறைக்கு அயலானவை.

1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்ட பின் மெட்ரிகுலேஷன் தேர்வு உயர்நிலைக் கல்வியின் அளவுகோலாயிற்று. வினாவும் விடையும் ஆங்கிலத்தில் அமைந்தன. இக்காலத்தைப் பற்றிப் பேசுவோர் சீனிவாச இராமானுசன் 1907இல் எஃப்.ஏ. தேர்வில் தோற்றதைத் தவறாமல் எடுத்துக்காட்டுவர். ஆனால் அவர் தோற்றது கணிதத்தில் அன்று, பிற பாடங்களில். கணித வினாவுக்குள்ளேயே மொழி மாணவனைத் தடுப்பது வேறொரு சிக்கல்; அது குறைவாகவே ஆராயப்பட்டுள்ளது.

1930களின் இறுதியில் உயர்நிலைப் பள்ளிகளில் தமிழ் பயிற்றுமொழியாக இடம்பெறத் தொடங்கியபோது அறிஞர்களின் கவனம் முழுவதும் கலைச்சொல்லின் மீது குவிந்தது. சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் 1938இல் வெளியிட்ட 'கலைச்சொற்கள்' தொகுப்பில் கணிதமும் இடம்பெற்றது. சொல் கிடைத்தால் வினா தானே அமைந்துவிடும் என்ற எண்ணம் நிலவியது போலும்.

வினாத்தாளில் மாணவனை நேரடியாக ஏவுவது பெயர்ச்சொல் அன்று, வினையே. காண்க, வரைக, நிறுவுக, சரிபார்க்க என வரும் வியங்கோள் வடிவங்கள் பேச்சுவழக்கில் அருகியவை. முக்கோணத்தின் கோணங்களின் கூடுதல் 180° என 'நிறுவுக' எனில் எல்லா முக்கோணத்துக்கும் பொருந்தும் காரணம் வேண்டும். 'சரிபார்க்க' எனில் தரப்பட்ட ஒரு முக்கோணத்தை அளந்து கூட்டினாலே போதும். முதல் வினாவுக்குக் கோணமானியால் அளந்து விடையெழுதியவனுக்கு மதிப்பெண் கிடைக்காது. அவன் அறியாதது வடிவியலா, 'நிறுவு' என்னும் வினையா என்பதை விடைக்குறிப்பு கேட்பதில்லை. 'சரிபார்க்க' என்பது செயவென் எச்சத்தோடு வடிவொற்றுமை உடையது என்பதும் நோக்கத்தக்கது. ஏவல் பொருளை மாணவன் பழக்கத்தாலேயே உணர்கிறான்.

தொடரமைப்பும் இவ்வாறே. '5 செ.மீ. ஆரமும் 12 செ.மீ. உயரமும் உடைய நேர்வட்டக் கூம்பின் வளைபரப்பைக் காண்க' என்னும் வினாவில் செய்யவேண்டியது யாது என்பது இறுதிச் சொல்லில்தான் தெரிகிறது. ஆங்கிலத்தில் ஏவல் முதலில் வந்து, நிபந்தனைகள் பின்தொடரும். நிபந்தனை இரண்டாயின் தமிழ்த் தொடர் இடருறுவதில்லை. நான்கைந்து பெயரெச்சங்கள் அடுக்கப்படும்போது கணக்கைத் தொடங்குமுன்னரே மாணவன் களைத்துவிடுகிறான்.

1958இல் பெஞ்சமின் புளூம் இந்தியாவில் நடத்திய பயிலரங்குகளுக்குப் பின், அறிவு, புரிதல், பயன்பாடு, திறன் என நோக்கங்களை வகுத்து வினா அமைக்கும் முறை பரவியது. சீர்திருத்தம் வினாவின் நோக்கத்தைத் தொட்டது, தொடரைத் தொடவில்லை.

புள்ளியியலில் சிக்கல் இன்னும் கூர்மையானது. 'சராசரி' உருது வழியாக வந்து மக்கள் வழக்கில் கலந்த சொல். 'முகடு' கூரையின் உச்சியைக் குறிக்கும் தமிழ்ச்சொல். வரைபடத்தில் முகட்டைக் கண்ணாலேயே காணலாம். அட்டவணையிலோ, மிகுதியாக வரும் மதிப்பை எழுதுவதற்கு மாறாக அதன் நிகழ்வெண்ணையே எழுதும் பிழைக்கு இச்சொல் இடந்தருகிறது. உயர்ந்து நிற்பது நிகழ்வெண் அன்றோ! இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் வேறு வழி சென்றன. அங்குக் கூட்டுச் சராசரி 'இடை', இடைநிலை அளவு 'இடையம்', முகடு 'ஆகாரம்', நிகழ்வெண் 'மீடிறன்'. இடை, இடையம் என்பன ஓர் ஈற்றளவில் மட்டுமே வேறுபடுவன. கருத்தோ முற்றிலும் வேறு. ஒரு நாட்டு வினாத்தொகுதியை மறுநாட்டில் பயன்படுத்த விழைவோர், இரண்டும் தமிழ்தானே என்று வாளா இருத்தல் இயலாது.

பொருளியல் ஒத்துழைப்பு வளர்ச்சி நிறுவனம் நடத்தும் 'பிசா' மதிப்பீட்டின் 2009ஆம் ஆண்டுச் சுற்றின் நீட்சியில் தமிழ்நாடும் இமாசலப் பிரதேசமும் பங்கேற்றன. 2011 இறுதியில் வெளியான முடிவில் தமிழ்நாட்டின் கணிதச் சராசரி 351. பங்கேற்ற 74 பகுதிகளில் இரு மாநிலங்களும் கடைசி வரிசையில் நின்றன. வினாக்களின் சூழல் இந்திய மாணவர்க்கு அயலானது என்று அரசுத் தரப்பில் கூறப்பட்டது. அக்கூற்றில் ஓரளவு உண்மை உண்டு. ஆயினும் சூழல் அயலாவதும் தொடர் அயலாவதும் ஒன்றல்ல. ஆங்கிலம், பிரெஞ்சு ஆகிய இரு மூலங்களிலிருந்தும் தனித்தனியே பெயர்த்து, மூன்றாமவர் ஒருவர் இரண்டையும் இசைவிப்பது அம்மதிப்பீடு பரிந்துரைக்கும் முறை. சொற்பொருள் பிறழாமல் காப்பதற்கு அது நல்ல ஏற்பாடே. ஆனால் அவ்விரு மொழிகளிலும் ஏவல்வினை நிபந்தனைகளுக்கு முன்னரே வரக்கூடியது. ஒன்றை மற்றொன்றோடு ஒப்பிடுவதால், நிபந்தனைகளை எல்லாம் முன்னே சுமந்து வினையை இறுதியில் வைக்கும் தமிழ்த் தொடரின் இடர் வெளிப்படுவதில்லை. அதைக் காண்பவர் தமிழ் வடிவத்தை மட்டும் படித்துக் கணக்கைச் செய்து பார்க்கும் ஒருவரே.