சன்னத்தின் மேலுறையும் பூச்சும்

றைபிளிலிருந்து புறப்படும் ஈயச் சன்னம் குழலோடு நேரே உரசாதபடி அதை வேறொரு பொருளால் போர்த்தும் முறைகள் இரண்டு வகைப்படும். அரை மில்லிமீற்றர் அளவில் தடித்த செப்புக் கலவையோ இரும்போ ஈயத்தைச் சூழ்ந்திருந்தால் அது மேலுறை. மெழுகு, வெள்ளீயம், மொலிப்டினம் டைசல்பைட்டு, பிளாத்திக்குப் பிசின் போன்றவை மெல்லிய படலமாக இருந்தால் அது பூச்சு. பூச்சு வெறும் ஈயத்தின் மேலும் வரலாம், மேலுறையின் மேலும் வரலாம். யாழ்ப்பாணத்தில் கோதும் மருந்தும் சன்னமும் சேர்ந்த முழுப் பொருளை ரவை என்பார்கள். இக்கட்டுரை அந்த ரவையின் முனையில் உள்ள சன்னத்தைப் பற்றியது.

பூச்சிட்ட சன்னம் இலக்கை ஆழமாகத் துளைக்கும் என்ற எண்ணம் பரவலாக உண்டு. ஆனால் ஏறக்குறைய எல்லாப் பூச்சுகளும் குழலுக்காகவே செய்யப்பட்டவை. அவற்றின் நன்மை தீமைகளையும் முதலில் குழலுக்குள்தான் பார்க்க வேண்டும்.

ஈயம் ஏன் போதவில்லை

ஈயம் மலிவானது, பாரமானது, 327 பாகை செல்சியசில் உருகுவது. குழலின் உட்சுவரில் திருகாக ஓடும் வரிப்பள்ளங்களை இலகுவாகப் பற்றிக்கொண்டு சுழல்வது. வேகம் கூடும்போது அதே மென்மை கெடுதலாகிறது. ஈயம் வழித்தெடுக்கப்பட்டுப் பள்ளங்களில் படியும், சன்னம் சுழல மறுக்கும், குறி தவறும். இதைத் தடுக்க முதலில் கையாண்டவை கொழுப்பும் தாளும். 1853ஆம் ஆண்டின் என்பீல்டு துவக்குக்கான ரவையில் சன்னத்தைச் சுற்றிய தாளில் கொழுப்புத் தடவப்பட்டிருந்தது. அது பசுவின் கொழுப்பும் பன்றியின் கொழுப்பும் என்ற பேச்சு 1857 சனவரியில் கல்கத்தாவுக்கு அருகே டம்டம் படைத்தளத்தில் கிளம்பி, சிப்பாய்களின் கிளர்ச்சிக்கு உடனடிக் காரணங்களில் ஒன்றாயிற்று. மசகுப் பூச்சு ஒன்று அரசியல் வரலாற்றில் இவ்வளவு இடம் பிடித்தது வேறெங்கும் இல்லை. அடுத்து வந்த மார்ட்டினி-ஹென்றி துவக்கின் சன்னம் தாளால் சுற்றப்பட்டு, நொடிக்கு 400 மீற்றரை ஒட்டிய வேகத்தில் போனது.

1884இல் பிரான்சில் போல் வியெய் புகையற்ற வெடிமருந்தைக் கண்டுபிடித்ததும் அந்த வேகம் பழங்கதையானது. தாளும் கொழுப்பும் இனித் தாங்கா. சுவிற்சர்லாந்தின் தூண் நகர் ஆயுதத் தொழிற்சாலையில் எடுவார்ட் ரூபின் 1882 அளவிலேயே செப்புறைச் சன்னத்தை உருவாக்கியிருந்தார். பிரித்தானியா 1888இல் ஏற்ற 303 றைபிளின் 13.9 கிராம் சன்னமும் செப்பு-நிக்கல் கலவை உறையோடு வந்தது.

டம்டம் சன்னம்

மேலுறையால் குழலுக்கு வந்த நன்மை, போர்க்களத்தில் குறையாகப் பேசப்பட்டது. 1895இல் பிரித்தானிய இந்தியாவின் வடமேற்கு எல்லையில் நடந்த சித்திரால் படையெடுப்பின்போது முழு உறைச் சன்னங்கள் எதிரியின் உடலை ஊடுருவிப் போகின்றன, ஆனால் ஆளை வீழ்த்துவதில்லை என்று பிரித்தானியப் படையினர் முறையிட்டார்கள். டம்டம் ஆயுதச்சாலையில் கப்டன் நெவில் பெர்ட்டி-கிளே உறையின் முனையைச் சற்றுக் குறைத்து, ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர் ஈயத்தை வெளியே தெரிய விட்டார். உடலில் பட்டதும் அந்த முனை விரிந்து பெரும் காயத்தை உண்டாக்கியது. அக்காலத்து உறைகள் அடிப்பக்கத்தில் திறந்தவை. இப்போது முனையும் திறந்துகொண்டதால், ஈயம் மட்டும் வெளியே பாய்ந்து உறை குழலுக்குள்ளேயே தங்கிவிடும் ஆபத்தும் சேர்ந்தது. அடுத்த ரவை சுடப்பட்டால் குழலே வெடிக்கலாம்.

1899 யூலை 29ஆம் திகதிய ஹேக் பிரகடனம், உடலில் எளிதில் விரியும் அல்லது தட்டையாகும் சன்னங்களைப் போரில் தடைசெய்தது. கடினமான உறை ஈயத்தை முழுவதும் மூடாத சன்னங்களையும், உறையில் வெட்டுகள் உள்ளவற்றையும் அது உதாரணமாகக் காட்டியது. எதிர்த்து நின்ற பிரித்தானியா 1907இல்தான் இணங்கியது. 1910இல் வந்த அதன் ஏழாம் வகை 303 சன்னத்துக்கு உறை முழுமையானதே. ஆனால் உறைக்குள் முனைப்பக்கத்தில் ஈயத்துக்குப் பதிலாக அலுமினியம் போன்ற இலேசான பொருள் இருந்ததால் பாரம் பின்னுக்குப் போய், உடலில் பட்டதும் சன்னம் புரண்டது. பிரகடனத்தின் எழுத்து மீறப்படவில்லை என்று மட்டும் சொல்லலாம். வேட்டைக்கு நிலைமை தலைகீழானது. விலங்கு காயத்தோடு ஓடி மறையாமல் விரைவில் விழவேண்டும் என்பதால் பல நாடுகள் முழு உறைச் சன்னத்தை வேட்டையில் அனுமதிப்பதில்லை.

உறைக்கு எந்த உலோகம்

செப்பு-நிக்கல் உறை வேகமான குழல்களில் கட்டிகட்டியாகப் படிந்தது. அமெரிக்காவின் பிராங்போர்ட் ஆயுதச்சாலை இதற்கு மாற்றாக 1921ஆம் ஆண்டுத் தேசியப் போட்டிக்கான சன்னங்களுக்கு வெள்ளீயப் பூச்சிட்டது. படிவு உண்மையிலேயே குறைந்தது. ஆனால் வெள்ளீயம் நாட்படக் கோதின் கழுத்தோடு ஒட்டிப் பற்றாசு வைத்தாற்போல் ஆனது. பழைய பழக்கத்தில் சன்னத்துக்கு மேலதிகமாகக் கொழுப்புப் பூசியவர்களின் துவக்குகளில் அமுக்கம் ஆபத்தான அளவுக்கு ஏறியது. பூச்சுகளின் வரலாற்றில் கற்றுக்கொள்ள அதிகம் உள்ள இடம் இதுவே: பூச்சைத் தனியாகச் சோதித்தால் போதாது, அது கோதையும் மருந்தையும் சுடுபவரின் பழக்கத்தையும் சந்திக்கும் இடத்தில் சோதிக்க வேண்டும். இதன்பின் செப்போடு 5 முதல் 10 வீதம் வரை நாகம் சேர்ந்த கலவையே பரவலான உறை உலோகமாயிற்று.

சோவியத் ஒன்றியமும் சீனாவும் மென்னிரும்பு உறையின் மேல் மெல்லிய செப்புப் படலம் ஏற்றின. விலை குறைவு, படிவும் குறைவு. குழல் தேய்வு கூடியதை உட்புறக் குரோமியப் பூச்சால் ஈடுசெய்தார்கள்.

மொலி

1990களில் இலக்குச் சூட்டாளர்களிடையே பரவிய மோகம் மொலிப்டினம் டைசல்பைட்டு. செப்புறைச் சன்னங்களை அந்தக் கருந்தூளோடு உருட்டி, மெழுகால் மூடுவார்கள். இலங்கையின் போகலை, கஹட்டகஹ சுரங்கங்களில் எடுக்கப்படும் பென்சிற்கரியைப் போலவே இதுவும் படலம் படலமாக வழுக்கும் அமைப்புக் கொண்டது.

உராய்வு குறைவதும், செப்புப் படிவு மெதுவாவதும், துப்புரவு செய்யாமல் அதிகம் சுட முடிவதும் உண்மையான நன்மைகள். அமுக்கம் குறைவதும் உண்மையே. ஆனால் அதோடு வேகமும் குறைகிறது. வேகத்தை மீட்க மருந்தைக் கூட்டினால் குழலின் வெப்பமும் கூடும். குழலின் தொடக்கப் பகுதியை அரிப்பது பெரும்பாலும் கொதிக்கும் வாயுவே, சன்னத்தின் உராய்வு அல்ல. அதனால் குழலின் ஆயுள் பெருகும் என்ற வாக்குறுதி சொல்லப்பட்ட அளவுக்கு நிறைவேறவில்லை. துப்புரவு செய்த குழலில் மொலிப் படலம் மீண்டும் அமைந்து குறி நிலைபெறச் சில சூடுகள் வீணாகும். வெறும் சன்னத்தையும் பூசிய சன்னத்தையும் மாற்றி மாற்றிச் சுடுபவருக்கு இது தீராத தொல்லை. ஈரம் சேர்ந்தால் கந்தகம் கொண்ட இந்தப் படலத்தின் அடியில் துருப்பிடிக்க இடமுண்டு. உப்புக்காற்று வீசும் பருத்தித்துறை, காங்கேசன்துறை போன்ற கரையோரங்களில் இது சிறு விடயமல்ல. கந்தகமற்ற, வெண்ணிறமான போரன் நைத்திரைட்டு இக்குறையைப் பெரிதும் தவிர்த்தது. ஒரே அமர்வில் மிகப் பல ரவைகள் சுடும் போட்டியாளருக்கு இவை உதவும். மற்றவருக்கு நல்ல செப்புறையே போதும்.

ஏனைய பூச்சுகள்

வார்த்த ஈயத்தின் மேல் சூட்டில் இறுகும் பிசின் பூச்சு, கொழுப்பின் புகையையும் கையில் ஈயம் ஒட்டுவதையும் குறைக்கிறது. மிதமான வேகத்துக்கு அது ஏற்றது, உயர்வேக றைபிளுக்குப் போதாது. மின்முலாம் பூசிய மெல்லிய செப்புக்கும் இதே எல்லைதான். அடிப்பகுதி வரை மூடிய பூச்சு, கொதிவாயுவில் ஈயம் ஆவியாவதைத் தடுப்பதால் மூடிய சூட்டரங்குகளில் சுவாசத்துக்கு நல்லது. அமெரிக்காவில் பித்தளைச் சன்னத்துக்குப் பூசிய தெப்லோன் கவசத்தைத் துளைக்கும் என்று அஞ்சப்பட்டது. துளைத்தது உள்ளிருந்த கடின உலோகம், தெப்லோன் குழலைக் காக்க இடப்பட்டது. உலகச் சூட்டுப் போட்டிகளின் 50 மீற்றர் றைபிள் பிரிவில் ஈயம் அல்லது அதுபோன்ற மென்பொருட் சன்னம் மட்டுமே ஏற்கப்படும். அங்கே மெழுகோ கொழுப்போ தடவிய ஈயமே இன்றும் வெல்கிறது.

யாழ்ப்பாணக் குடாநாட்டில்

இலங்கையில் துவக்கு வைத்திருக்க 1916ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டளைச் சட்டத்தின்கீழ் அனுமதிப்பத்திரம் வேண்டும். குடாநாட்டு மக்கள் உறைச் சன்னத்தை அறிந்தது போரில்தான். 1987 ஒக்ரோபரில் யாழ்ப்பாண நகரைக் கைப்பற்றப் போரிட்ட இந்திய அமைதிப்படை, 7.62×51 மில்லிமீற்றர் ரவையைச் சுடும் இசப்பூர் றைபிளை ஏந்தியது. இலங்கைப் படையினரின் பொது ஆயுதமான ரி-56இன் 7.62×39 மில்லிமீற்றர் ரவையில் சன்னம் ஏறத்தாழ 8 கிராம், வேகம் நொடிக்கு 700 மீற்றருக்கு மேல். அதன் பொதுவான வகையில் உறையும் உள்ளீடும் இரும்பாக இருக்கும், இரண்டுக்கும் நடுவே சிறிது ஈயம்.

மண்ணில் கிடக்கும் சன்னத்துக்கு உறை ஒரு காவல். செப்பு பச்சையேறி நீண்ட காலம் நிற்கும். இரும்புறையின் செப்புப் படலம் கீறப்பட்டால் உப்பு மண்ணில் அது விரைவில் துருப்பிடித்து உள்ளிருக்கும் ஈயத்தைத் திறந்துவிடும். சுண்ணாம்பு மிகுந்த காரமண்ணில் ஈயம் காபனேற்றாகப் படிந்து அதிகம் நகராது. சுண்ணக்கல் நிலத்தடி நீரையே நம்பியிருக்கும் குடாநாட்டுக்கு இது ஓரளவு சாதகம், அமிலத்தன்மையுள்ள மண்ணுக்கு இந்தச் சாதகம் இல்லை.

2000இற்குப் பின் முன்னரங்காக இருந்த முகமாலையில் கண்ணிவெடி அகற்றுவோரின் உலோக உணரி எந்த உறைக்கும் ஒலியெழுப்பும். ஒவ்வோர் ஒலியையும் கண்ணிவெடி என்றே கருதி மெல்ல அகழ வேண்டியிருப்பதால், சன்னங்களும் கோதுகளும் சிதறிய காணியில் வேலை பல மடங்கு தாமதமாகும். இரும்பை மட்டும் உணரும் காந்தமானி செப்புறையும் ஈயமும் மட்டுமே கொண்ட சன்னங்களை ஒதுக்கிவிடும், ரி-56இன் இரும்புச் சன்னத்தை ஒதுக்காது. அங்கே புதைந்த கண்ணிவெடிகளில் பிளாத்திக்கு உடலும் மிகக் குறைந்த உலோகமும் கொண்ட வகைகளும் உள்ளதால், காந்தமானியை மட்டும் நம்பி அந்த நிலத்தைத் துப்புரவாக்க முடியாது.