நிறுவனத்தின் இரண்டு விழுக்காடும் ஊராரின் இருநூறு ரூபாயும்

தமிழ்நாட்டில் ஒரு சிறு தொண்டு நிறுவனம் பணம் தேடிப் போகும் வழிகள் பல. ஆனாலும் பேச்சு பெரும்பாலும் இரண்டில் வந்து நிற்கும். ஒன்று, கம்பெனிகளின் சி.எஸ்.ஆர். (நிறுவனச் சமூகப் பொறுப்பு) நிதி. மற்றொன்று, பொதுமக்கள் தரும் சிறு நன்கொடை. முன்னது லாபத்தில் இரண்டு விழுக்காடு என்று சட்டம் போட்டு ஒதுக்க வைத்த பணம். பின்னது யாரும் கேட்காவிட்டால் வராத பணம். முன்னதற்கு முன்மொழிவு எழுத வேண்டும். பின்னதற்கு முகம் பார்த்துப் பேச வேண்டும். கம்பெனிப் பணம் கறாரானது, ஜனங்கள் பணம் ஈரமானது என்று களத்தில் இருப்பவர்கள் இவற்றை இரண்டு குணங்களாகவே பிரித்துப் பேசுகிறார்கள். அருகருகே வைத்துப் பார்த்தால் இந்தப் பிரிவினை பாதிதான் நிற்கிறது.

தேடும் இடத்திலிருந்து தொடங்கலாம். கம்பெனிப் பணத்தைக் காகிதத்தில் தேட வேண்டும். மத்திய அரசின் சி.எஸ்.ஆர். தளத்தில் எந்த நிறுவனம் எந்த மாநிலத்தில் எந்தத் துறைக்கு எவ்வளவு செலவிட்டது என்ற விவரம் ஆண்டுவாரியாகக் கிடக்கிறது. நிறுவனங்கள் தங்கள் கொள்கையையும், வாரியம் ஒப்புதல் அளித்த திட்டங்களையும் சொந்த இணையதளத்தில் வெளியிட வேண்டும் என்பது விதி. இவற்றை ஒரு வாரம் உட்கார்ந்து படித்தவருக்கு, யாரிடம் போகவே கூடாது என்பதாவது தெளிவாகிவிடும். அதுவே பெரிய லாபம். கண் சிகிச்சைக்கு மட்டும் தரும் நிறுவனத்துக்கு நீர்நிலைத் திட்டத்தை அனுப்பி ஆறு மாதம் காத்திருக்க வேண்டியதில்லை. ஊராரின் பணத்தையோ காகிதத்தில் தேட முடியாது. பழைய மாணவர் சங்கம், கோயில் விழாக் குழு, குடியிருப்போர் நலச் சங்கம், கல்யாண வீட்டுப் பந்தி, பள்ளித் தோழர்களின் வாட்ஸ்அப் குழு என்று மனிதர்கள் கூடும் இடங்களில்தான் அது இருக்கிறது. மிலாப், கெட்டோ போன்ற இணையவழித் திரட்டுத் தளங்கள் வந்த பிறகும் இது பெரிதாக மாறவில்லை. அங்கேயும் முதலில் தருபவர் நம்மை அறிந்தவர்தான். அவர் பகிர்ந்த பிறகே அறியாதவர் வருகிறார்.

இவ்வளவு வேறான இரண்டு தேடல்களும் போய் முட்டும் இடம் ஒன்று. அது ஊர். கம்பெனிகள் சட்டத்தின் 135-ஆம் பிரிவு, தொழில் நடக்கும் வட்டாரத்துக்கு முன்னுரிமை தரச் சொல்கிறது. ஸ்ரீபெரும்புதூரிலும் ஓசூரிலும் தொழிற்சாலையைச் சுற்றியுள்ள பள்ளிகளுக்குப் புதுக் கழிப்பறையும் சுவர்ப் பூச்சும் முதலில் வந்து சேர்வதில் வியப்பில்லை. பொதுமக்களுக்கு அப்படி எந்தச் சட்டமும் கிடையாது. ஆனால் அவர்களும் தாம் படித்த பள்ளிக்கும், பிறந்த ஊர்க் குளத்துக்கும்தான் முதலில் பையைத் திறக்கிறார்கள். வாரியக் கூட்டத்தின் தீர்மானமும் மனிதரின் பாசமும் ஒரே வரைபடத்தைப் போட்டு வைத்திருக்கின்றன. அந்த வரைபடத்தில், தொழிற்சாலையும் இல்லாமல் வெளியே போய்ச் சம்பாதிக்கும் பிள்ளைகளும் இல்லாமல் இருக்கும் ஊர் இரண்டு பக்கமும் விடுபட்டுப் போகிறது. இந்த ஒப்பீட்டில் எனக்கு மிகவும் கவலை தரும் ஒற்றுமை இதுதான்.

வெளிநாட்டுப் பணம் என்று வரும்போது இருவழிகளும் இடம் மாறிக்கொள்கின்றன. வெளிநாட்டுத் தாய்க் கம்பெனியின் இந்தியக் கிளை நிறுவனம், அன்னிய முதலீட்டு வரம்புக்கு உட்பட்டதாக இருந்தால், அது தரும் சி.எஸ்.ஆர். நிதி வெளிநாட்டு நன்கொடையாகக் கருதப்படுவதில்லை. 2016-இல் நிதிச் சட்டத்தின் வழியே வந்த திருத்தம் அதற்கு வழி செய்தது. ஆனால் அதே ஊரில் பிறந்து சிங்கப்பூரில் குடியுரிமை பெற்றுவிட்ட அண்ணன் அனுப்பும் பத்தாயிரம் ரூபாய் வெளிநாட்டு நன்கொடை. வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் (எஃப்.சி.ஆர்.ஏ.) கீழ் பதிவோ முன் அனுமதியோ இல்லாத அறக்கட்டளை அதைத் தொடக் கூடாது. பதிவு இருந்தாலும், 2020-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி அந்தப் பணம் பாரத ஸ்டேட் வங்கியின் புதுதில்லி முதன்மைக் கிளைக் கணக்கில்தான் முதலில் வந்து இறங்க வேண்டும். இந்தியக் கடவுச்சீட்டோடு துபாயில் வேலை பார்க்கும் தம்பி தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியே அனுப்பினால் இந்தத் தடை எதுவும் இல்லை. அண்ணன் வேறு, தம்பி வேறு என்கிறது சட்டம். வெளிநாட்டுத் தமிழரிடம் நிதி கேட்கக் கிளம்பும் அமைப்புகள் கேட்பதற்கு முன்பே தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி இது. வந்த பணத்தைத் திருப்பி அனுப்புவதைவிட வராத பணம் மேல்.

நாட்காட்டியிலும் எதிர்பாராத உறவு ஒன்று உண்டு. கம்பெனிக்கு ஆண்டு மார்ச் 31-இல் முடிகிறது. தொடர் திட்டங்களுக்கு உரிய செலவாகாத தொகையை 30 நாட்களில் தனிக் கணக்குக்கு மாற்றி மூன்று ஆண்டுகளுக்குள் செலவழிக்க வேண்டும். மற்றத் தொகையை ஆறு மாதத்துக்குள் அரசு குறித்த நிதிகளில் சேர்க்க வேண்டும். அதனால் ஏப்ரல், மே மாதங்களில் திட்டம் பேசுகிறார்கள். ஜனவரிக்குப் பிறகு, மீதியிருப்பதைக் கொடுக்க ஆள் தேடுகிறார்கள். ஊரார் நாட்காட்டியில் தைப் பொங்கல், புரட்டாசி, தீபாவளி, பிள்ளைகளின் பிறந்தநாள், பெற்றோரின் திதி என்று கொடுக்கும் நாட்கள் வேறு. ஆனால் விளைவு ஒன்றே. ஆதரவற்றோர் இல்லம் நடத்துகிறவரிடம் கேட்டால் சொல்வார்: தீபாவளியன்று மதியச் சாப்பாட்டுக்கு ஐந்து பேர் போட்டியிடுவார்கள், ஜூன் மாதத்துச் செவ்வாய்க்கிழமைக்கு ஒருவரும் இருக்க மாட்டார். வெள்ளமும் வறட்சியும் மாறிமாறி வருவது இரண்டு பணத்துக்கும் பொதுவான இயல்பு.

வரிச் சலுகைதான் இருவரையும் கொடுக்க வைக்கிறது என்று பலர் நம்புகிறார்கள். அது இரண்டு பக்கமும் வலுவிழந்த காரணம். சி.எஸ்.ஆர். செலவைத் தொழில் செலவாகக் காட்டி லாபத்தில் கழிக்க வருமான வரிச் சட்டம் இடம் தரவில்லை. தனி மனிதருக்கோ நன்கொடைக்கான 80ஜி கழிவு பழைய வரி முறையில்தான் உண்டு; 2023-24 முதல் இயல்பாகப் பொருந்துவது புதிய முறை, அதில் அந்தக் கழிவு கிடையாது. ஆகவே மார்ச் மாதத்து நன்கொடைக் கடிதத்தில் "80ஜி ரசீது உண்டு" என்ற வரியைத் தடித்த எழுத்தில் போடுவது பழைய பழக்கம். ரசீது கொடுப்பதும், நன்கொடையாளர் விவரத்தை மே 31-க்குள் வருமான வரித் துறைக்குத் தாக்கல் செய்வதும் கடமைதான். கொடுப்பதற்கான காரணத்தை வேறு இடத்தில் தேட வேண்டும்.

இனி எழுத்துக்கு வருவோம். மாலைநேரப் படிப்பகம் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். பிள்ளைகள் 60 பேர். ஆண்டுச் செலவு: மூன்று ஆசிரியர்களுக்கு மாதம் 12,000 வீதம் ₹4,32,000, ஒருங்கிணைப்பாளருக்கு ₹96,000, வாடகையும் மின்கட்டணமும் ₹96,000, மாலைச் சுண்டலுக்கு ₹72,000, நோட்டு, புத்தகத்துக்கு ₹24,000. ஆக ₹7,20,000. இதைக் கம்பெனிக்கு எழுதும்போது தேவை, இலக்கு, காலாண்டு அளவீடு, இடர், நிலைத்தன்மை என்று பன்னிரண்டு பக்கம் போகும். அதன் நடுவில் ஒரு வரி இருக்கும்: பயனாளி ஒருவருக்கு ஆண்டுச் செலவு ₹12,000. ஊராருக்கு எழுதும்போது வாட்ஸ்அப்பில் நான்கு வரி: "ஒரு பிள்ளையின் ஒரு மாதப் படிப்புக்கு ஆயிரம் ரூபாய். உங்களால் முடிந்ததைத் தாருங்கள். இருநூறு என்றாலும் சரி." பன்னிரண்டு பக்கமும் நான்கு வரியும் செய்வது அதே வகுத்தல் கணக்கு. கேட்கும் மொழி வேறு. கொடுப்பவர் மனத்தில் போட்டுப் பார்க்கும் எண் ஒன்று.

அடுத்து நடப்பது அதைவிடச் சுவையானது. கம்பெனி அதிகாரி பட்டியலைப் பார்த்துவிட்டு, ஊதியம் கூடுதலாகத் தெரிகிறதே என்பார்; புத்தகத்துக்கு இன்னும் ஒதுக்கலாமே, கைக்கணினி வாங்கித் தரட்டுமா என்பார். ஊராரில் ஒருவர் சுண்டலை ஓராண்டுக்கு நான் பார்த்துக்கொள்கிறேன் என்பார். இன்னொருவர் நோட்டு வாங்கித் தருவார். ஐந்து வரிகள் உள்ள பட்டியலில் இரண்டு தரப்பும் ஆசையோடு கை வைப்பது கடைசி இரண்டு வரிகளில். அவற்றின் கூட்டுத்தொகை ₹96,000. பத்தில் ஏழு பங்குக்கு மேல் விழுங்கும் மனித உழைப்பின் இரண்டு வரிகளும் இருவர் கண்ணிலும் செலவாகத் தெரிகின்றன. ஆனால் பிள்ளைக்குப் படிப்புச் சொல்லித் தருவது சுண்டலோ நோட்டோ இல்லையே! இதில் சட்டத்தின் மேல் ஏற்றப்படும் ஒரு தவறான பழியையும் சொல்லியாக வேண்டும். நிர்வாகச் செலவுக்கு ஐந்து விழுக்காடு என்ற உச்சவரம்பு, கம்பெனி தன் சி.எஸ்.ஆர். பிரிவை நடத்த ஆகும் செலவுக்கு உரியது. திட்டத்தை வடிவமைக்க, நடத்த, கண்காணிக்க நேரடியாக ஆகும் செலவு அந்த வரம்புக்குள் வராது. இருந்தும் பேச்சுவார்த்தையில் அந்த ஐந்து, தொண்டு நிறுவனத்தின் தலையில்தான் வந்து விழுகிறது. விதியை அச்செடுத்துக் கையில் வைத்துக்கொண்டு போவது நல்லது.

உழைப்பவர் கூலி விடுபட்டுப் போகும் இந்தச் சிக்கலை நம் முன்னோர் நன்றாகவே கையாண்டிருக்கிறார்கள். சோழர் காலக் கோயில்களில் ஒரு நுந்தா (அணையா) விளக்கு எரிக்கக் கொடை கொடுத்தவர் பெரும்பாலும் எண்ணெய்க் காசைத் தரவில்லை. 90 அல்லது 96 ஆடுகளைத் தந்தார். ஆடுகளைப் பெற்ற இடையர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். மந்தை பெருகினால் பெருக்கம் அவருடையது, குறைந்தால் ஈடுகட்டுவதும் அவர் பொறுப்பு. விளக்குக்கு மட்டும் தருவேன், மேய்ப்பவர் சோற்றுக்குத் தர மாட்டேன் என்ற பிரிவினை அந்த ஏற்பாட்டில் இல்லை. மேய்ப்பவர் பிழைப்பு கொடைக்குள்ளேயே அடங்கியிருந்தது. இன்றைய மானிய ஒப்பந்தம் எழுதுகிறவர்கள் தஞ்சைக் கல்வெட்டுகளை ஒருமுறை படிக்கலாம்.

பெயர் விஷயத்தில் கம்பெனியும் ஊராரும் உடன்பிறந்தவர்களே. பள்ளிச் சுவரில் நிறுவனத்தின் சின்னம் பெரிதாக இருக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் அளவோடு எழுதுகிறார்கள். கோயில் மின்விசிறியின் இறக்கையிலும் குழல்விளக்கின் மேலும் "உபயம்" எழுதுகிறோம். கம்பெனியின் பெயர் ஆசையைக் குறை சொல்பவர்கள் ஊராரின் பெயர் ஆசையைப் பக்தி என்பதை நான் ஏற்க மாட்டேன். இரண்டும் ஒரே நியாயமான விருப்பம்: நான் கொடுத்தது நின்றது என்று கண்ணால் பார்ப்பது.

உண்மையான வேறுபாடு வேறு இடத்தில் இருக்கிறது. சி.எஸ்.ஆர். பணம் எந்த வரிக்கு வந்ததோ அந்த வரியில்தான் செலவாக வேண்டும். ஊரார் பணத்தில் ஒரு பகுதியாவது, "எதுக்கு வேணும்னாலும் வெச்சுக்குங்க" என்ற சொல்லோடு வருகிறது. கம்பெனியில் எவ்வளவு பெரிய பதவியில் இருப்பவரும் சொல்ல முடியாத வாக்கியம் அது. அந்தப் பணத்தால்தான் தணிக்கையாளர் கட்டணம், பதிவுப் புதுப்பிப்பு, அலுவலக வாடகை எல்லாம் ஓடுகின்றன. கம்பெனியிடம் நேரடியாகப் போக வேண்டுமானால் தனியார் நிறுவிய பொது அறக்கட்டளைக்கு வருமான வரிச் சட்டத்தின் 12ஏ, 80ஜி பதிவுகளும், அதே துறையில் மூன்று ஆண்டுச் செயல்பாடும், 2021 ஏப்ரல் முதல் சி.எஸ்.ஆர்.-1 பதிவும் வேண்டும். அந்த மூன்று ஆண்டுகளை யார் காசில் ஓட்டுவது? ஊரார் காசில்தான். பெரிய பணத்தின் நுழைவுச் சீட்டைச் சிறிய பணம் வாங்கித் தருகிறது.

எப்போதும் இந்த வரிசைதான் என்றும் சொல்லிவிட முடியாது. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் தமிழ் இருக்கை அமைக்க 60 லட்சம் டாலர் வேண்டியிருந்தது. ஜானகிராமன், சம்பந்தம் என்ற இரு மருத்துவர்கள் தலா 5 லட்சம் டாலர் தந்து தொடக்கி வைத்தார்கள். தமிழ்நாடு அரசு 2017-இல் 10 கோடி ரூபாய் அறிவித்தது. உலகெங்கும் உள்ள தமிழர்களின் சிறு தொகைகளும் சேர்ந்து 2018-இல் இலக்கு நிறைந்தது. இங்கே பெரிய பணம் முன்னால் போய், இது நடக்கும் என்ற நம்பிக்கையைச் சிறிய பணத்துக்குத் தந்தது. இரண்டு வரிசைகளிலும் ஒன்று மற்றொன்றுக்குச் சாட்சியாக நிற்பதை மட்டும் கவனிக்கலாம்: கம்பெனி வந்திருக்கிறதா என்று ஊரார் பார்க்கிறார்கள், ஊரார் கூட இருக்கிறார்களா என்று கம்பெனி பார்க்கிறது.

2022 டிசம்பரில் தமிழ்நாடு அரசு தொடங்கிய "நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி" திட்டம் இந்த இருவரையும் ஒரே கதவு வழியே அழைக்கிறது. அரசுப் பள்ளிக்குப் பழைய மாணவர் சிறு தொகை தரலாம். அதே பள்ளிக்கு நிறுவனம் வகுப்பறை கட்டித் தரலாம். எனக்கு இதில் பிடித்தது, தேவைப் பட்டியல் பள்ளியிடமிருந்து வருவது. எனக்குள்ள கேள்வி, ஐந்தாம் ஆண்டைப் பற்றியது. கம்பெனியின் தொடர் திட்டம் தொடங்கிய ஆண்டு நீங்கலாக மூன்று ஆண்டுக்குள் முடிந்துவிடும்; பொறுப்பு அதிகாரி மாறினால் கடிதம் ஒன்றோடு நின்றும் போகும். ஊரார் கடிதம் எழுதுவதில்லை. இருநூறு அனுப்பியவர் ஒரு மாதம் மறப்பார், பிறகு மறந்தே போவார். திறன் வகுப்பறையின் திரை மங்கும்போது, கழிப்பறைக் குழாய் உடையும்போது, படிப்பக ஆசிரியர் சம்பள உயர்வு கேட்கும்போது இரண்டு பக்கமும் ஆள் இருக்காது. முதல் ஆண்டு முன்மொழிவிலேயே பராமரிப்புக்கு ஒரு தனி வரி எழுதி, அதைக் கம்பெனி வெட்டினால் அதே வரியை மட்டும் எடுத்துக்கொண்டு பழைய மாணவர் சங்கத்திடம் போகும் அமைப்புகளுக்கு ஐந்தாம் ஆண்டில் குழாய் மாற்றக் காசு இருக்கிறது.