தபால்காரர் நடத்திய வேலைநிறுத்தம்

தெம்பனிஸ் அடுக்குமாடி வீடுகளின் கீழ்த்தளத்தே வரிசையாய் அமைந்த அஞ்சற்பெட்டிகளைக் காணுந்தோறும் 1952ஆம் ஆண்டின் வரலாறே என் நினைவுக்கு வரும்.

அவ்வாண்டு மே 13ஆம் நாள், சிங்கப்பூர் அஞ்சல், தொலைத்தொடர்புத் துறையின் சீருடை ஊழியர் ஏறத்தாழ 500 பேர் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். 1948இல் பிறப்பிக்கப்பட்ட நெருக்கடிநிலை நீடித்த காலம் அது. தொழிற்சங்கம் என்ற சொல்லையே குடியேற்ற ஆட்சி ஐயுற்று நோக்கியது. வெயிலென்றும் மழையென்றும் பாராது பை சுமந்து நடந்த மலாய்க்காரரும் இந்தியரும் கேட்டது ஊதிய உயர்வையே. ஆட்சியாளரோ ஆயுதந்தாங்கிய கூர்க்காக் காவலரை அஞ்சலகத்தில் நிறுத்தினர்! கடல்கடந்த ஊரிலிருந்து வரும் ஒரு கடிதத்திற்காக ஏங்கிக் கிடந்த குடும்பங்கள் எத்தனை! எனினும் மக்கள் தபால்காரரை வெறுத்திலர். அவர்பால் பரிவே கொண்டனர்.

சங்கத்தின் சட்ட ஆலோசகர் லீ குவான் யூ என்னும் இளம் வழக்கறிஞர். யாழ்ப்பாணத்தில் பிறந்த சி. இராசரத்தினம், சிங்கப்பூர் ஸ்டாண்டர்ட் நாளிதழில் ஊழியர் பக்கம் நின்று எழுதினார். மே 26இல் ஊழியர் பணிக்குத் திரும்பினர், பேச்சுவார்த்தை தொடர்ந்தது.

1959இல் முன்னவர் பிரதமரானார், பின்னவர் அமைச்சரானார். இவ்விருவரையும் நம் மாணவர் நன்கறிவர். அன்று வேலைநிறுத்தம் செய்த தபால்காரருள் ஒருவரின் பெயரை வகுப்பில் வினவினேன், அனைவரும் வாளாவிருந்தனர்.