மலைக்குப் பின்னால் ஒரு முகாம்

சங்கரன்கோவிலில் பிறந்தவர்களுக்கு மலை என்றால் மேற்குத் திசை. மழை அந்தப் பக்கம் பெய்யும். காற்று மட்டும் இந்தப் பக்கம் வரும். மலைக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று சிறு வயதில் கேட்டால், "காடு" என்று ஒரே வார்த்தையில் பதில் சொல்லிவிடுவார்கள்.

அந்தக் காட்டைப் பார்த்துவிடுவது என்று ஒரு விடுமுறையில் குடும்பத்தோடு காரில் கிளம்பினோம். நேரே மேற்கே போக வழி கிடையாது. ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர், கல்லுப்பட்டி, உசிலம்பட்டி என்று வடக்கே போய், ஆண்டிபட்டிக் கணவாயில் மேற்கே திரும்பி, தேனி, கம்பம், கூடலூர் கடந்து, லோயர் கேம்பிலிருந்து மலையேறிக் குமுளியையும் தேக்கடியையும் அடைய வேண்டும். இருநூறு கிலோமீட்டருக்கு மேல். காகம் பறந்தால் இதில் பாதி தூரம்கூட இராது. புறப்படும்போது அத்தை, கோமதி அம்மன் கோவில் புற்று மண்ணை ஒரு சிறு டப்பியில் எடுத்து மடியில் செருகிக் கொண்டாள். காய்ச்சல், பூச்சிக்கடி எல்லாவற்றுக்கும் அவளுக்கு அது ஒன்றே மருந்து.

மாலையில் ஏரிக்கரையில் நின்றோம். தண்ணீருக்குள் பட்ட மரங்கள் நின்றன. ஒவ்வொன்றின் உச்சியிலும் ஒரு நீர்க்காகம். பையன்கள் யானையைத் தேடினார்கள். நான் அத்தையிடம் ஒரு விஷயம் சொன்னேன்: பெரியாறு சிவகிரி மலைகளில் பிறக்கிறது என்பது வழக்கமாகச் சொல்லப்படுவது. நம் ஊருக்கு மேற்கே பிறந்து, மலைக்குப் பின்னாலேயே வடக்கு நோக்கி ஓடி, முல்லையாற்றோடு கலந்து, அணையில் வந்து நிற்கிறது.

"அப்ப இது நம்ம மலைத் தண்ணிதானா?" என்றாள் அத்தை. "இதைப் பாக்கவா ஊரைச் சுத்தி வந்தோம்? சரி, இது நம்ம ஊருக்கு ஏம்ப்பா வரல்லை?"

அந்தக் கேள்வியை முதலில் கேட்டவர்கள் மதுரை, ராமநாதபுரம் சீமைக்காரர்கள். 1789-ல் சேதுபதியின் பிரதானி முத்திருளப்ப பிள்ளை, இந்த ஆற்றைக் கிழக்கே திருப்ப முடியுமா என்று பார்த்துவரப் பன்னிரண்டு பேரைக் காட்டுக்குள் அனுப்பினார். முடியும் என்றுதான் தெரிந்தது; பணம்தான் இல்லை. 1808-ல் வந்து பார்த்த கால்டுவெல் என்ற வெள்ளைக்காரக் காப்டன், இது வெறும் பகற்கனவு என்று எழுதிவிட்டுப் போனார். 1850-ல் சிறிய அணை ஒன்றைக் கட்டத் தொடங்கினார்கள். ஆரோக்கியமில்லாத அந்த இடத்தில் வேலை செய்ய ஆட்கள் கூடுதல் கூலி கேட்டார்கள், வேலை நின்றது. 1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சம் வந்து லட்சக்கணக்கில் ஜனங்களை வாரிக்கொண்டு போன பிறகுதான் சர்க்கார் விழித்தது. 1886 அக்டோபர் 29-ல் திருவாங்கூர் சமஸ்தானத்தோடு 999 வருஷக் குத்தகை எழுதப்பட்டது: 8,000 ஏக்கர் நிலத்துக்கு ஏக்கருக்கு ஐந்து ரூபாய் வீதம், ஆண்டுக்கு 40,000 ரூபாய்.

1887-ல் பென்னிகுயிக் வேலையை ஆரம்பித்தார். அன்று அங்கே ரஸ்தா இல்லை, வீடு இல்லை, கடை இல்லை. சென்னைப் பயனியர் படை வீரர்கள் வந்தார்கள். கொச்சியிலிருந்து போர்த்துகீசியத் தச்சர்கள் வந்தார்கள். கூலியாட்கள் ஆயிரக்கணக்கில் வந்தார்கள். காட்டுக்கு நடுவே முகாம் எழுந்தது. ஆற்றைத் தடுத்துத் தற்காலிக அணை போடுவார்கள், வெள்ளம் வந்து அடித்துக்கொண்டு போகும், மறுபடியும் போடுவார்கள். யானைகள் ஒரு பக்கம், மலைக்காய்ச்சல் ஒரு பக்கம். கோடையில் காய்ச்சல் முற்றும்போது வேலை நின்று, ஆட்கள் சமவெளிக்கு இறங்கிவிடுவார்கள். அந்தத் திட்டத்தின் சரித்திரத்தை எழுதிய மெக்கென்ஸி, சாராயம் என்ற மருந்து இல்லாவிட்டால் அணை முடிந்தே இராது என்கிற பொருளில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கிறார். படிக்கும்போது வேடிக்கையாகத் தோன்றும். இருட்டில் அந்தக் கரையில் நின்று நினைத்தால் வேடிக்கையாக இல்லை.

சுண்ணாம்பும் செங்கற்பொடியும் கலந்த காரையில், ஆற்றுப்படுகையிலிருந்து 155 அடி உயரத்துக்கு அணை எழும்பியது. மலையைக் குடைந்து ஒரு மைலுக்குச் சற்று அதிகமான நீளத்தில் சுரங்கம் வெட்டி, மேற்கே போன ஆற்றை வைகைக்குத் திருப்பினார்கள். 1895 அக்டோபரில் திறப்பு விழா நடந்தது. அதற்குள் நோயில் மட்டும் 483 பேர் மாண்டிருந்தார்கள். அவர்களைப் புதைத்த இடம் அணைக்கு அருகிலேயே இருக்கிறது. உல்லாசப் படகுகள் அதுவரை போவதில்லை.

மனிதன் காலே படாத காடு என்று நினைத்துத்தான் நாம் தேக்கடிக்குப் போகிறோம். அந்த ஏரி மனிதன் கட்டியது. தண்ணீரில் நிற்கும் பட்ட மரங்கள், அணை கட்டியபோது மூழ்கிய காட்டின் மிச்சம். யானைகள் வந்து நீர் குடிக்க, அதைச் சுற்றிப் பிறகுதான் சரணாலயம் வந்தது. 1978-ல் புலிகள் காப்பகமும் ஆயிற்று.

அன்றிரவு காட்டு விடுதியில் சின்னவனுக்கு உடம்பு லேசாகச் சுட்டது. அத்தை டப்பியைத் திறந்து, அவன் நெற்றியில் புற்று மண்ணைக் குழைத்துப் பூசினாள். கூடவே நாங்கள் கொண்டு போயிருந்த மாத்திரையையும் கொடுத்தோம். காலையில் எழுந்து ஓடினான். எனக்குத்தான் வெகுநேரம் தூக்கம் வரவில்லை. அந்த 483 பேரின் நெற்றியைத் தொட்டுப் பார்க்க யார் இருந்தார்கள்?

திரும்பும் வழியில் லோயர் கேம்பில் இறங்கினோம். 2013-ல் திறந்த பென்னிகுயிக் மணிமண்டபம் அங்கே இருக்கிறது. அவர் பிறந்த நாளான ஜனவரி 15-ல் ஜனங்கள் பொங்கல் வைக்கிறார்கள். அவர் தம் சொந்த சொத்தை விற்று அணையை முடித்தார் என்று ஊரெல்லாம் கதை சொல்கிறது. கதை எப்படியோ, நன்றி மெய்யானது. அத்தை சிலையைக் கும்பிட்டுவிட்டுச் சுற்றுமுற்றும் பார்த்தாள்.

"இவரு நல்லா இருக்கட்டும். மண்ணு சுமந்தவங்க பேரு எங்கன எழுதியிருக்கு?"

எனக்குப் பதில் தெரியவில்லை. சாலையோரத்து ஊர்ப் பலகையைப் பார்த்தேன். லோயர் கேம்ப், கீழ் முகாம். முகாம் கலைந்து நூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஊர் மட்டும் அந்தப் பெயரை விடவில்லை. அதைக் காட்டினேன். அத்தைக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும். மெல்லப் படித்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் காரில் ஏறிக்கொண்டாள்.