தமிழகத்தில் காப்பிக் கடைகள்: கிளப் முதல் பன்னாட்டுக் கடைகள் வரை

பெய்ஜிங்கில் ஸ்டார்பக்ஸ் நிறுவனம் 1999 ஜனவரியில் தன் முதல் கடையைத் திறந்தது. தேநீரில் ஊறிய சீன மக்களுக்கு அது காப்பியையே பழக்க வேண்டியிருந்தது. 2014இல் அதே நிறுவனம் சென்னைக்கு வந்தபோது நிலைமை வேறு. இங்கே காப்பிக் கடைகளுக்கு நீண்ட வரலாறு இருந்தது. அவ்வரலாற்றில் சுவையைவிடப் பெரிதாக நின்ற கேள்வி, கடைக்குள் யார் அமரலாம் என்பதாகும்.

காப்பியின் வருகை

ஏற்காட்டில் 1820களிலும், பின்னர் நீலகிரியிலும் ஆங்கிலேயர் காப்பி பயிரிட்டனர். விளைந்தது பெரும்பாலும் ஏற்றுமதியானது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில்தான் நகர்ப்புற நடுத்தர வர்க்க வீடுகளில், முதலில் பிராமணர் வீடுகளில், காப்பி காலைப் பானமாயிற்று. நீராகாரத்தின் இடத்தை அது பிடித்ததைக் கண்டித்து அக்காலத்தில் பலர் எழுதினர். இம்மாற்றத்தை ஆ. இரா. வேங்கடாசலபதி ‘அந்தக் காலத்தில் காப்பி இல்லை’ என்னும் நூலில் ஆராய்ந்துள்ளார்.

காப்பி கிளப்புகள்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நகரங்களில் ‘காப்பி கிளப்’ என்ற பெயரில் சிற்றுண்டிச் சாலைகள் பெருகின. பலவற்றின் பெயர்ப்பலகையில் ‘பிராமணாள்’ என்ற சொல் இருந்தது. சிலவற்றில் பிராமணருக்குத் தனியிடம் ஒதுக்கப்பட்டது. ஒடுக்கப்பட்ட சாதியினருக்கு அனுமதியே இல்லை. காசு கொடுத்தாலும் எல்லாருக்கும் ஒரே இருக்கை கிடைக்கவில்லை.

1957 மே மாதம் சென்னை திருவல்லிக்கேணியில் முரளி கபே முன்பு, ‘பிராமணாள்’ என்ற சொல்லை அழிக்கும் போராட்டத்தைப் பெரியார் தொடங்கினார். பல மாதங்கள் நீடித்த போராட்டத்தில் நூற்றுக்கணக்கானோர் கைதாயினர். இறுதியில் அச்சொல் நீக்கப்பட்டது.

இந்தியா காப்பி ஹவுஸ்

இதற்கிடையே வேறொரு வகைக் கடையும் வளர்ந்திருந்தது. உள்நாட்டில் காப்பி விற்பனையைப் பெருக்க, 1936இல் மும்பையில் முதல் இந்தியா காப்பி ஹவுஸ் திறக்கப்பட்டது. பின்னர் இக்கடைகளைக் காப்பி வாரியம் நடத்தியது. 1950களில் வாரியம் அவற்றை மூட முற்பட்டபோது தொழிலாளர் வேலையிழக்கும் நிலை வந்தது. ஏ. கே. கோபாலனின் வழிகாட்டுதலில் அவர்கள் கூட்டுறவுச் சங்கங்கள் அமைத்து, 1957 முதல் கடைகளைத் தாமே நடத்தினர். புதுச்சேரி நேரு வீதியில் இத்தகைய கடை உண்டு. குறைந்த விலையில் ஒரு கோப்பை வாங்கிவிட்டு நெடுநேரம் பேசிக்கொண்டிருக்க இக்கடைகள் இடம் தந்தன.

புதிய கடைகள்

விளைந்த காப்பியை வாரியத்திடமே ஒப்படைக்க வேண்டும் என்ற விதி 1990களில் படிப்படியாக நீங்கியது. காப்பித் தோட்டக் குடும்பத்தைச் சேர்ந்த வி. ஜி. சித்தார்த்தா 1996இல் பெங்களூர் பிரிகேட் சாலையில் முதல் ‘கபே காபி டே’யைத் திறந்தார். அக்கடைகள் நாடெங்கும் பரவின. ஸ்டார்பக்ஸ், டாடா குழுமத்துடன் சமபங்குக் கூட்டு அமைத்து 2012 அக்டோபரில் மும்பையில் முதல் கடையைத் திறந்தது. அது விற்ற காப்பியும் இந்தியத் தோட்டங்களில் விளைந்ததே.

இங்கு வந்த பன்னாட்டு நிறுவனம் உள்ளூர்ச் சுவைக்கு இறங்கிவர வேண்டியிருந்தது. 2022இல் சில இந்திய நகரங்களில் ஃபில்டர் காப்பியையும் மசாலா தேநீரையும் சிறிய கோப்பையில் விற்றுப் பார்த்தது.

சீனத்தில் எழுந்த கேள்வி வேறு. பெய்ஜிங் அரண்மனை வளாகத்துக்குள் 2000இல் திறக்கப்பட்ட ஸ்டார்பக்ஸ் கடை, பண்பாட்டுக்கு இழுக்கு என்ற எதிர்ப்பால் 2007இல் மூடப்பட்டது. கடை எங்கே இருக்கலாம் என்பது அங்கே வழக்கு. உள்ளே யார் இருக்கலாம் என்பது இங்கே.

இன்றைய நிலை

புதிய கடைகளின் வாசலில் சாதிப் பலகை இல்லை. ஆனால் அங்கே ஒரு கோப்பையின் விலையில் சாதாரணக் கடையில் பல பேர் காப்பி குடிக்கலாம். வல்லம் போன்ற ஊர்ப்புறங்களில் மக்கள் கூடுமிடம் இன்றும் தேநீர்க் கடைப் பெஞ்சுதான். அப்பெஞ்சும் எல்லாருக்கும் எளிதில் கிடைத்ததன்று. இரட்டைக் குவளை முறை தமிழகச் சிற்றூர்த் தேநீர்க் கடைகள் பலவற்றில் விடுதலைக்குப் பின்னும் நீடித்தது. பலகையில் எழுதப்பட்ட சொல்லை அழிக்க ஒரு போராட்டம் போதுமானதாயிற்று. எழுதப்படாத வழக்கத்தை ஒவ்வோர் ஊரிலும் தனித்தனியே எதிர்க்க வேண்டியிருந்தது.