குட்டிக்குத் தந்த மருந்தும் மனிதருக்கு வந்த நோயும்

நாயால் வரும் நோய் என்றால் வெறிநோயே நினைவுக்கு வரும். அது வைரசால் வருவது. கடியோ கீறலோ இல்லாமல், குட்டியின் மலம் பட்ட கை வாய்க்குப் போவதாலேயே தொற்றும் பாக்டீரியாக்களும் உண்டு. காம்பைலோபாக்டர் ஜெஜுனி அவற்றுள் ஒன்று. அமெரிக்காவில் 2016 முதல் அது பரவிய விதத்தைப் பார்த்தால், அதன் கடுமைக்கு நாயின் இயல்பைவிட நாய் வணிகத்தின் மருந்துப் பழக்கமே பெரிதும் பொறுப்பு என்பது என் வாதம்.

2017 ஆகஸ்டில், செல்லப்பிராணிக் கடைத் தொடர் ஒன்றோடு தொடர்புடைய ஆறு பேரின் நோயைப் புளோரிடா சுகாதாரத் துறை நடுவண் நோய்க் கட்டுப்பாட்டு மையத்துக்குத் தெரிவித்தது. விசாரணை விரிந்தபோது, 2016 ஜனவரிக்கும் 2018 பிப்ரவரிக்கும் இடையே 18 மாநிலங்களில் 118 பேர் நோயுற்றது தெரியவந்தது. அவர்களில் 29 பேர் கடை ஊழியர்கள். அசித்ரோமைசின், சிப்ரோஃப்ளாக்சசின் உள்ளிட்ட வழக்கமான மருந்துகள் எதற்கும் அந்தக் கிருமி கட்டுப்படவில்லை. ஆறு நிறுவனங்களின் கடைகள் சிக்கின. ஆனால் இங்கிருந்துதான் தொடங்கியது என்று எந்த ஒரு வளர்ப்பகத்தையும் சுட்ட முடியவில்லை.

விசாரணையின் உயிர்நிலை குட்டிகளின் மருந்துப் பதிவேடுகளில் இருக்கிறது. ஆராயப்பட்ட 149 குட்டிகளில் 142 குட்டிகள், கடைக்கு வருமுன்போ வந்த பின்போ, ஒரு முறையாவது ஆண்டிபயாடிக் பெற்றிருந்தன. அவற்றில் பாதிக்கும் மேற்பட்டவை பெற்றது நோய்க்கான சிகிச்சையாக அல்ல, வருமுன் காப்பாக மட்டுமே. பல வளர்ப்பகங்களின் குட்டிகள் விநியோகத்தின்போது ஒன்றாகக் கலக்கின்றன. மருந்துக்கு மடியும் கிருமிகள் மடிய, மடியாதவை மட்டும் குடலில் பெருகிப் பக்கத்துக் குட்டிக்குத் தாவ இதைவிட வாய்ப்பான சூழல் அரிது. கிருமியைச் சுமக்கும் குட்டி பெரும்பாலும் துள்ளி விளையாடிக்கொண்டுதான் இருக்கும்; வாங்குபவருக்கு ஐயமே எழாது.

காம்பைலோபாக்டர் பெரும்பாலும் சரியாக வேகாத கோழிக்கறியால்தான் வருகிறது, நாயின் பங்கு சிறிது என்று மறுக்கலாம். உண்மைதான். பதிவேடுகள் காரணத்தை ஐயமற நிறுவவில்லை என்பதையும் ஏற்கிறேன். ஆனால் மருந்துகளை மீறிய இந்தக் குறிப்பிட்ட கிருமிவகை கடைக்குட்டிகளின் வழியே திரும்பத் திரும்ப வந்ததைக் கோழிக்கறியால் விளக்க முடியாது. பெரும்பாலோர் மருந்தின்றியே ஒரு வாரத்தில் தேறுகிறார்கள் என்பதும் ஆறுதல் அல்ல. முதியோர், கருவுற்றோர், நோயெதிர்ப்பு குன்றியோர் ஆகியோருக்குத்தான் மருந்து தேவைப்படுகிறது; அவர்களுக்கே அது பயன்படாமல் போகிறது.

கையைக் கழுவுங்கள் என்று வாங்குவோருக்குச் சொல்லும் அறிவுரை நல்லதுதான். ஆனால் அது பொறுப்பைச் சங்கிலியின் கடைசிக் கண்ணியில் சுமத்துகிறது. கால்நடை மருத்துவர் நோயறிந்து எழுதினாலன்றி மருந்து கூடாது, குட்டியோடு அதன் மருந்துப் பதிவேடும் பயணிக்க வேண்டும், வெவ்வேறு இடத்துக் குட்டிகளை ஒரே கூண்டில் அடைக்கக் கூடாது என்ற கட்டுப்பாடுகள் முதல் கண்ணியிலேயே தொடங்க வேண்டும். கைகழுவும் அறிவுரை வந்த பிறகும், 13 மாநிலங்களில் மேலும் 30 பேர் நோயுற்ற செய்தி 2019 டிசம்பரில் வெளியானது. அவர்களிடம் கண்ட கிருமி, மரபணு வரிசையில் முந்தைய கிருமிக்கு நெருங்கிய உறவாக இருந்தது.